மாட்டுக்கு ஒரு நாள் உண்டு... அக்காவுக்கு?

ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். திண்டிவனம் - புதுச்சேரி நெடுஞ்சாலையில், பொங்கல் முடித்துச் சென்னைக்குத் திரும்பும் கார்கள் கிளியனூரைத் தாண்டி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த வரிசையில் ஒரு வெள்ளைக் காரும் போய்ச் சேர்ந்துகொண்டது. பின்சீட்டில் பேத்தி. டிக்கியில் புது அரிசி, ஒரு பை காய்ந்த மல்லாட்டை, முறுக்கு டப்பா, அதிரசத் தூக்கு, பாதிக் கரும்பு.

கார் கண்ணிலிருந்து மறையும் வரை கையாட்டிவிட்டு, அக்கா திண்ணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான். வயது 49. வீட்டுக்கு மூத்த மருமகள். முன்னறையில் ஒரு தையல் மெஷின் உண்டு. கணவர் விவசாயம். மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாமியாருக்கு 78. மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. முப்பது வருடமும் பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வரும். வீட்டில் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்: 'பொங்க காய்ச்சல்'. சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த வருடம் வந்தது வெறும் காய்ச்சல் இல்லை.

நாலு நாள் பண்டிகை, நாற்பது நாள் வேலை

பொங்கல் என்றால் காலண்டரில் நாலு நாள். அக்காவுக்கு அது மார்கழி பிறந்ததுமே ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம். அது முடிந்ததும் மெஷினில் உட்கார வேண்டும். ஊரில் எல்லோருக்கும் பொங்கலுக்குப் புது ஜாக்கெட் வேண்டும், எல்லோருக்கும் போகிக்கு முந்தின நாளே வேண்டும். 'யக்கா, எனக்கு மட்டும் முன்னாடி குடுத்துடு' என்று சொல்லாத ஆள் கிடையாது. ராத்திரி பதினோரு மணி வரை பெடலை மிதித்து மிதித்து, காலையில் எழுந்தால் பாதம் செருப்புக்குள் நுழையாது.

டிசம்பர் கடைசியில் அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் நாத்தனார் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் போனதும் வீட்டுக்குச் சுண்ணாம்பு. பிறகு ரேஷன் கடையில் பொங்கல் பரிசு டோக்கன், அரிசியும் சர்க்கரையும் கரும்பும் வாங்க வரிசை. முறுக்குக்கு மாவு, அதிரசத்துக்குப் பாகு. பாகு பதம் பார்க்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. போகியன்று பரணையிலிருந்த பாத்திரமெல்லாம் இறங்கிக் கழுவப்பட்டு ஏறின. 15-ஆம் தேதி வியாழக்கிழமை வாசலில் பொங்கல், படையல். வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். இரண்டு நாத்தனார்கள் குடும்பத்தோடு, கொழுந்தனாரும் ஓரகத்தியும் சென்னையிலிருந்து, மகள், மருமகன், பேத்தி, மகன் என்று ஒரு வேளைக்குப் பதினாறு இலை.

சனிக்கிழமை காணும் பொங்கலுக்குக் கறிக்குழம்பு. சனிக்கிழமை கவிச்சி வேண்டாம் என்ற ஓரகத்திக்குத் தனியாக ரசம். மற்றவர்கள் பீச்சுக்குக் கிளம்பியபோது கட்டிக்கொடுத்த புளிசோறும் அக்கா கைவண்ணம்தான். எல்லோரும் போய்விட்டு வந்தார்கள், அக்கா போகவில்லை. ஏனென்றால் இந்த வருடம் மறுநாளே தை அமாவாசை. கறி சமைத்த வீட்டைக் கழுவி, பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, மாமனாருக்குப் படையல் போட்டாக வேண்டும். காணும் பொங்கலன்று எல்லோரும் கடலைக் காண, அவர் கண்டது தரை.

இதெல்லாம் வெளியில் தெரிகிற வேலை. தெரியாத வேலை ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய நாத்தனாருக்குச் சர்க்கரை, பொங்கல் குறைவாக வைக்க வேண்டும். மருமகனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. சின்ன நாத்தனாருக்குப் போன வருடம் எடுத்த சேலை நிறம் பிடிக்கவில்லை, இந்த வருடம் பார்த்து எடுக்க வேண்டும். பால் எத்தனை லிட்டர், தலையணை எத்தனை, குளியலறைக்கு முதலில் யார்? இதற்கெல்லாம் நோட்டு கிடையாது. அக்காதான் நோட்டு.

இது கிளியனூரில் ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவழிப்பது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இது சாதாரண நாட்களையும் சேர்த்த சராசரி. பொங்கல் வாரத்தை மட்டும் தனியாக யாராவது கணக்கெடுத்தால் என்ன வருமோ!

யாருக்கும் சொல்லாத மாத்திரை

இன்னொன்றையும் அக்கா செய்திருந்தார். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடமாகவே அவருக்குத் தேதி தப்பிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் இருபது நாளில் வந்துவிடும். அடுத்தது ஒன்றரை மாதம் ஆகும். 'நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டார். ஆனால் படையல் போடுகிற நாளில் வந்துவிட்டால்? பதினாறு பேர் இருக்கும் வீட்டில் மூத்த மருமகள் ஒதுங்கி உட்கார்ந்தால் அடுப்பு யார் பார்ப்பது? மெடிக்கல் ஷாப்பில் 'தள்ளிப்போடுற மாத்திரை' என்று கேட்டு வாங்கினார். சீட்டு எதுவும் இல்லை. 12-ஆம் தேதியிலிருந்து போட ஆரம்பித்து, 18-ஆம் தேதி அமாவாசைப் படையல் முடிந்ததும் நிறுத்தினார்.

நிறுத்தி இரண்டு நாளில், செவ்வாய்க்கிழமை ராத்திரி உதிரப்போக்கு ஆரம்பித்தது. வழக்கத்தை விட அதிகம். கட்டி கட்டியாகப் போனது. புதன்கிழமையும் அப்படியே. அன்றும் பதினெட்டு பெட்ஷீட் துவைத்தார். வியாழக்கிழமை காலை தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவருக்குக் கண் இருட்டியது. குடம் உருண்ட சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தபோது, அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். 'ஒண்ணுல்லமா, வழுக்கிடுச்சி' என்றாராம். முகம் வெளுத்துப்போயிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி ஒன்று. 'பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கவனிக்கணும்' என்றார் டாக்டரம்மா. பிறகு, 'எத்தன நாளா களைப்பா இருக்குது?' என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். அவருக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை. களைப்பில்லாத நாள் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த அறையில் அவர் கணவரும் நின்றிருந்தார். மாத்திரை விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். வெளியே வந்தவர் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: 'சொல்லியிருக்கலாம் இல்ல?'

'சொன்னா யாரு படையல் போட்டிருப்பாங்க?'

அதற்கு அவரிடம் பதில் இல்லை.

டாக்டரம்மா சொன்னதில் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாதவிடாய் நிற்பது பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் நடக்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஹார்மோன் ஏறி இறங்கும். தேதி மாறும், தூக்கம் கெடும், நடுராத்திரியில் உடம்பு அனலாகி வியர்க்கும், சின்ன விஷயத்துக்கும் கோபமோ அழுகையோ வரும். இதெல்லாம் இயல்புதான். ஆனால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டிய அளவுக்குத் தொடர்ந்து போனால், ஏழு நாளைத் தாண்டினால், பெரிய கட்டிகளாகப் போனால், மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு திரும்ப ரத்தம் பட்டால், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையும் ஹார்மோன்தான். ரத்தம் உறைந்த பிரச்னை, பக்கவாதம், கல்லீரல் கோளாறு, மார்பகப் புற்றுநோய் இவற்றில் எது இருந்தாலும் அது ஆபத்து. பண்டிகைக்காகக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பொருள் இல்லை. அதுவும் நாற்பதைத் தாண்டி, தேதி தப்புகிற வயதில், முதலில் ஏன் தப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. ரத்தம் ஏறிவிட்டது என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இதைப் படிக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். களைப்பை 'சோம்பேறித்தனம்' என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதற்கு முன்னால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமே!

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடப் பார்த்துவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்காக வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். அக்கா வீட்டுக்கும் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் மாமியாருக்குப் பார்க்கச் சொல்லிவிட்டு, 'எனக்கு அப்புறம் பாக்கலாம்மா, அடுப்புல பாலு இருக்குது' என்று உள்ளே போய்விடுவார்.

'ரெஸ்ட் எடுங்க' - எங்கே?

மருந்துச் சீட்டில் கடைசி வரி: ஓய்வு. மற்ற மருந்துகளெல்லாம் கடையில் கிடைத்தன.

சேதி கேட்டு மகள் போனில் அழுதாள். 'எம்மா, நீ உன்ன கவனிச்சிக்கவே மாட்டியா? செல்ஃப் கேர்னு ஒண்ணு இருக்குதுமா' என்று சொல்லி வாட்ஸ்அப்பில் நாலு ரீல்ஸ் அனுப்பினாள். ஒன்றில் ஒரு பெண் வெள்ளைத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெள்ளரிக்காயைக் கண்ணில் வைத்திருந்தாள். 'வெள்ளரிப் பிஞ்ச தின்னாமே கண்ணுல வெச்சிகினு இருக்கா' என்றார் மாமியார். அக்காவுக்குப் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

ஓய்வைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கிய ஆரோவில் இதே வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. மாத்ரி மந்திரில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க உலகத்தின் பல மூலைகளிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களின் பெண்களுக்கு அந்த அரைமணி நேரம் சொந்த வீட்டுத் திண்ணையில்கூடக் கிடைப்பதில்லை.

அக்கா படுத்துப் பார்த்தார். கட்டிலில் உடம்பு இருந்தது, காது சமையலறையில் இருந்தது. குக்கர் விசில் எத்தனை? பால் பொங்கிவிட்டதா? 'ஏம்மா, உப்பு டப்பா எங்க?' என்று கணவர். 'அந்த நீலக் கலர் மாத்திரை எங்கம்மா?' என்று மாமியார். 'யக்கா, என் ஜாக்கெட்டு எங்க?' என்று வாசலில் ஒரு குரல். ஒரே காலையில் பதினேழு 'எங்க'. எண்ணிப் பார்த்தார், வேறு வேலை இல்லாததால். எழுந்து வேலை செய்திருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டார். கை கால் சும்மா இருப்பது பாதி ஓய்வுதான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது மீதிப் பாதி.

முன்பென்றால் தாய்வீடு இருந்தது. புதுப்பெண்ணுக்கு ஆடி மாதம், பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் என்று, ஒரு பெண் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள உரிமையுள்ள இடம் அது ஒன்றுதான். ஆனால் நாற்பத்தொன்பது வயதில்? அக்காவின் அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. மரக்காணம் பக்கத்திலிருந்து தம்பி இந்த வருடமும் பொங்கல் வரிசை கொண்டுவந்தான். நல்ல பிள்ளை. தம்பி பெண்டாட்டியும் நல்ல குணம்தான். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால் அக்கா இப்போது விருந்தாளி. 'அஞ்சு நாள் இங்க சும்மா படுத்துக்கறேன்' என்று சொல்ல வாய் வராது. அந்த வயதில் பெண்ணுக்கு வீடுகள் நிறைய இருக்கும். மகள் வீடு, நாளைக்கு மகன் வீடு, தம்பி வீடு. தலை சாய்க்க ஒரு மடிதான் இருக்காது.

மாமியார் கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை பெரிய நாத்தனார் போன் செய்தார். குடியரசு தினம் திங்கள்கிழமை வருகிறது, சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. பொங்கலுக்கு இருந்தது பத்தவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். 'அண்ணிக்கு ஒடம்பு சரியில்லன்னு கேட்டேன். நாங்க வந்தா அவங்களுக்கும் ஆறுதலா இருக்குமில்ல?'

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கணவர் 'வாங்க வாங்க' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூலையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த மாமியார் பேசினார்.

'ஏன்டா, மாட்டுப் பொங்கலன்னிக்கு மாட்ட ஏர்ல பூட்டுவியா?'

'அது எப்பிடிமா பூட்டுவாங்க?'

'வாயில்லா ஜீவனுக்கே வருசத்துல ஒரு நாளு நொகத்தடிய கழட்டி வெக்கறோம். குளிப்பாட்டி, மால போட்டு, பொங்க ஊட்டறோம். அன்னிக்கும் இவளத்தான் பூட்டி வெச்சிருந்தோம். நீ பூட்டின, உன் தங்கச்சிங்க பூட்டினாங்க. மொத மொத பூட்டினவ நானு.'

அந்தப் பக்கம் போனில் சத்தமில்லை. இந்தப் பக்கம் மல்லாட்டை ஓடு உடைகிற சத்தம் மட்டும்.

முப்பது வருடத்தில் மாமியார் அப்படிப் பேசி அக்கா கேட்டதில்லை. இருவரும் ஒட்டி உறவாடிய மாமியார் மருமகளும் இல்லை. அன்று ராத்திரி மாமியாரே சொன்னார்: அவருக்கும் இதே வயதில் இப்படித்தான் போனதாம். ஆறு மாதம் துணி மாற்றி மாற்றி, வயலுக்கும் போய், நடவும் நட்டாராம். சொல்ல ஆள் இல்லையாம். 'நீயாவது விழுந்தியே, எடுத்துகினு போனாங்க. நானு விழக்கூட இல்ல' என்றார்.

நாத்தனார் வரவில்லை. 'அண்ணி மாறிட்டாங்க' என்று சின்ன நாத்தனாரிடம் சொன்னதாகவும் காதில் விழுந்தது. அது அக்காவை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. நல்ல பெயர் வாங்க முப்பது வருடம் ஆனது. அதில் கீறல் விழ ஒரு போன் போதும். தனக்காக ஒரு நாள் கேட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. ரீல்ஸ்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மகன் மட்டும் வந்தான். அவனிடம் அக்காவே சொல்லிவிட்டார்: 'வாடா. ஆனா நான் அடுப்பாண்ட போவ மாட்டேன்.' சொல்லிவிட்டு அன்று முழுக்க, பெற்ற பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா என்று தவித்தார். அவன் ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் பஸ் மாறி, காய்கறிப் பையோடு வந்து இறங்கினான். அப்பா வெங்காயம் உரித்தார், பாட்டி திண்ணையிலிருந்தபடியே வழி சொன்னார், அவன் சாம்பார் வைத்தான். பருப்பு வேகவில்லை, உப்பு அதிகம். எழுந்துபோய் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுவிடலாம் என்று அக்காவின் கை துடித்தது. போகவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். தட்டில் போட்டுக் கொடுத்ததை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. உப்பு டப்பா எங்கே என்று கணவர் இன்னும் கேட்கிறார். ஆனால் சில ஏற்பாடுகள் வந்திருக்கின்றன.

மதியம் மூன்றிலிருந்து நாலு மணி வரை மெஷினுக்குத் துணி மூடிவிடுவார், போன் மாமியாரிடம் இருக்கும். வாசலில் யாராவது 'யக்கா' என்றால், 'நாலு மணிக்கு வா' என்று பதில் சொல்வது மாமியார் வேலை. அதை அவர் கொஞ்சம் ரசித்தே செய்கிறார். காலை டீ கணவர் போடுகிறார். பொறுப்பை எடுத்துக்கொண்ட முதல் வாரம் மூன்று முறை பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்ததும் அவர்தான்.

சாயங்காலம் நடந்து அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறார். சுக முனிவர் கிளி உருவெடுத்து வந்து வழிபட்டதால் ஊருக்கு இந்தப் பெயர் என்பது தலபுராணம். முன்பெல்லாம் அக்கா கோயிலுக்குப் போனால் கையில் தேங்காய்ப் பழம், மனதில் ஒரு பட்டியல் இருக்கும். மகனுக்குப் பெண் அமைய வேண்டும், மகளுக்கு இரண்டாவது தங்க வேண்டும், மாமியாருக்கு முட்டிவலி குறைய வேண்டும். இப்போது வெறுங்கையோடு போய்ப் பிராகாரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். 'கேக்கறதுக்கு ஒண்ணும் எடுத்துகினு போறதில்ல. கிளிக்கு என்னா மூட்டையா இருக்குது?' என்கிறார்.

தையல் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு காரியம் செய்திருக்கிறார். பொங்கலுக்குத் தான் செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினார். தலைக்குள் ஓடுவதையும் சேர்த்து. அறுபத்து நாலு வந்தது. கணவர் படித்துவிட்டு, 'இவ்ளோவா?' என்றார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதியாயிற்று. சுண்ணாம்பும் பரணையும் மகனுக்கு. காணும் பொங்கல் புளிசோறு கொழுந்தனார் வீட்டுப் பொறுப்பு. முறுக்கு கடையில் வாங்கலாம் என்று மாமியாரே ஒப்புக்கொண்டார். அதிரசம் மட்டும் அக்காவே வைத்துக்கொண்டார். அந்தப் பாகுப் பதம் தன் அம்மா சொல்லிக்கொடுத்தது, அதை விட மனமில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று யார் சொன்னது? எது சுமை, எது ஆசை என்று பிரித்துப் பார்த்தாலே பாதி எடை இறங்கிவிடும்.

உங்கள் வீட்டிலும் ஒரு 'பொங்கக் காய்ச்சல்' இருக்கலாம். அதைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து எழுதச் சொல்லுங்கள். இல்லை, அது நீங்கள்தான் என்றால், நீங்களே எழுதுங்கள். எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள்.

பிப்ரவரி 1, தைப்பூசம். வீட்டில் எல்லோரும் மயிலம் முருகனைப் பார்க்கக் கிளம்பினார்கள். தாம்பரத்திலிருந்து மகளும் வந்திருந்தாள். 'நீங்க போயிட்டு வாங்க' என்றார் அக்கா. யாரும் வற்புறுத்தவில்லை. மாமியார் மட்டும் வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, 'கதவ தாப்பா போட்டுக்க, யாரு வந்தாலும் தெறக்காத' என்றார்.

வீடு காலியானது. அக்கா முதலில் இரண்டு மணி நேரம் தூங்கினார். எழுந்து சூடாக ஒரு டீ போட்டு, ஆறுவதற்குள் குடித்தார். பிறகு பீரோவைத் திறந்து, தம்பி வரிசையில் வைத்துக் கொடுத்த சேலையை எடுத்தார். ஊருக்கெல்லாம் தைத்ததில் இந்தப் பொங்கலுக்கு அவருடைய ஜாக்கெட் தைக்கப்படாமலே நின்றுபோயிருந்தது. பழசு ஒன்றைத்தான் போட்டுச் சமாளித்தார்.

துணியை விரித்தார், அளவு நோட்டைப் புரட்டினார். கிளியனூரில் பாதிப் பெண்களின் அளவு அதில் இருக்கிறது. அவருடையது இல்லை. எப்போதும் பழைய ஜாக்கெட்டை வைத்து வெட்டிவிடுவதுதான் வழக்கம். அந்தப் பழைய ஜாக்கெட் இப்போது தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது.

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, கண்ணாடி முன் நின்று, தோள், மார்பு, இடுப்பு, கை என்று நிதானமாக அளந்தார். புதுப் பக்கம் ஒன்றில் எழுதினார். மேலே பெயர் எழுத வேண்டிய இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'நான்' என்று போட்டார்.